தலைப்பை இழுத்தால் பத்தியும் வர வேண்டும்

குறிப்பெடுக்கும் செயலி எதுவானாலும் சரி, பயனர்கள் அனுப்பும் கோரிக்கைகளில் தலைப்புகளைப் பற்றி மட்டும் தனிக் கட்டு ஒன்று சேர்ந்துவிடும். மூன்று நிலைத் தலைப்பு போதவில்லை, நான்காவது கொடுங்கள் என்பார் ஒருவர். தலைப்பைத் தட்டினால் கீழே உள்ளதெல்லாம் மடிந்துகொள்ள வேண்டும் என்பார் இன்னொருவர். நீளமான குறிப்புக்குப் பக்கத்தில் பொருளடக்கம் தெரிய வேண்டும், ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்பின் நடுவே இருக்கும் தலைப்புக்கு லிங்க் கொடுக்க முடிய வேண்டும், தலைப்பைத் திருத்தினால் அந்த லிங்க் அறுந்துபோகக் கூடாது, வரிசை எண் தானாக விழ வேண்டும் என்று அது நீளும். ஒன்நோட், எவர்நோட், நோஷன், அப்சிடியன், ஆப்பிள் நோட்ஸ் என்று செயலியின் பெயர் மாறினாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. செயலியைச் செய்பவர்கள் இவற்றைத் தனித்தனி வசதிகளாக எண்ணி, எதற்கு எத்தனை வாக்கு என்று பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்துகொடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் எல்லாமே ஒரே குறையிலிருந்து கிளம்புவது தெரியும். செயலிகள் தலைப்பை எழுத்தின் அளவாகத் தருகின்றன. பயனர்களோ அதை ஒரு பகுதியின் கைப்பிடியாக நினைத்துப் பிடித்து இழுக்கிறார்கள்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவி ஒருவர் அரசமைப்புச் சட்டத்துக்குக் குறிப்பெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பின் பெயர் ‘இந்திய அரசமைப்பு’. முதல் நிலைத் தலைப்பு பகுதி 3, அடிப்படை உரிமைகள். 12 முதல் 35 வரையிலான சட்டப்பிரிவுகள் இதற்குள் வரும். இரண்டாம் நிலை சமத்துவ உரிமை, 14 முதல் 18 வரை. மூன்றாம் நிலை சட்டப்பிரிவு 16, அரசு வேலையில் சமவாய்ப்பு. இட ஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 16(4), நான்காம் நிலையில்தான் உட்கார முடியும். பதவி உயர்வில் ஒதுக்கீடு பற்றி 1995-ல் 77-ஆவது திருத்தம் சேர்த்த 16(4ஏ), பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக 2019-ல் 103-ஆவது திருத்தம் சேர்த்த 16(6) எல்லாம் அதே நிலைதான். தேர்வில் கேள்வி முளைக்கும் இடமும் இதுதான். மூன்று நிலையோடு நிற்கும் செயலி சரியாக இங்கே கைவிரிக்கிறது. மாணவி என்ன செய்வார்? அந்த வரியைப் போல்ட் ஆக்கிவிட்டு, இதுவும் தலைப்புதான் என்று மனதில் வைத்துக்கொள்வார். அவர் மனதில் இருப்பது செயலிக்குத் தெரியாது. பொருளடக்கத்தில் அந்த வரி வராது, தட்டினால் மடங்காது, லிங்க் கொடுக்கவும் முடியாது.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது. 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம் சட்டப்பிரிவு 31-ஐ நீக்கி, சொத்துரிமையைப் பகுதி 12-க்குக் கொண்டுபோய் 300ஏ என்று வைத்தது. பழைய புத்தகத்தைப் பார்த்துப் பகுதி 3-க்குள் ‘சொத்துரிமை’ என்று தலைப்பிட்டு நாலு பத்தி எழுதிவைத்தவர், விஷயம் தெரிந்ததும் அதை இடம் மாற்ற வேண்டும். நோஷனில் சாதாரணத் தலைப்பைப் பிடித்து இழுத்தால் தலைப்பு வரி மட்டும் நகரும். நாலு பத்தியும் இருந்த இடத்திலேயே கிடக்கும், அதுவும் இப்போது மேலே இருக்கும் வேறொரு தலைப்பின் சொத்தாகிவிடும். கைபேசியில் இன்னும் சிரமம். விரலை அழுத்திப் பிடித்து, நீலப் பட்டையைக் கடைசிப் பத்திவரை இழுத்து, கட் செய்து, பகுதி 12 வரும்வரை திரையைத் தள்ளிக்கொண்டே போய், ஒட்டி, பிறகு புதிய இடத்துக்கு ஏற்றபடி தலைப்பின் நிலையையும் மாற்ற வேண்டும். நாடாளுமன்றத்துக்கு ஒரு திருத்தத்தில் முடிந்த வேலை இது! இத்தனைக்கும் பிறகு அந்த மாணவி கோரிக்கை எழுத உட்கார்ந்தால், ‘பகுதி என்ற கருத்து உங்கள் செயலியில் இல்லை’ என்று எழுதப்போவதில்லை. ‘பல பத்திகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது’ என்றுதான் எழுதுவார். அந்தக் கோரிக்கை ‘தேர்வு வசதி’ என்ற வேறொரு கட்டில் போய்ச் சேரும்.

இந்தக் குறையின் வேர் ரொம்ப ஆழம். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் ஹெச்டிஎம்எல் குறிப் பட்டியலிலேயே ஆறு நிலைத் தலைப்புகள் இருந்தன. அமெரிக்கப் பதிப்பாளர் சங்கம் அச்சுத் தொழிலுக்காக வகுத்திருந்த குறிமுறையிலிருந்து எடுத்துக்கொண்டவை அவை. அவற்றில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. எண் போட்ட தலைப்புகளுக்குப் பதிலாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ‘பகுதி’ என்ற குறியும், எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த நிலையைத் தானே எடுத்துக்கொள்ளும் ஒரு பொதுத் தலைப்பும் இருப்பதையே விரும்புவதாக அதே ஆண்டு அக்டோபரில் ஒரு மடலில் எழுதினார். அது நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து வந்த ஹெச்டிஎம்எல்5, பகுதிக்கென்று தனிக் குறியைக் கொண்டுவந்தது; பகுதியின் ஆழத்தை வைத்துத் தலைப்பின் நிலையைக் கணக்கிடும் முறையையும் எழுதிவைத்தது. உலாவிகள் அந்தக் கணக்கைச் செயலில் கொண்டுவரவே இல்லை. 2022-ல் அதைத் தரநிலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நடுவில் 2004-ல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டார். வரியின் தொடக்கத்தில் # ஒன்று போட்டால் முதல் நிலை, ஆறு போட்டால் ஆறாம் நிலை. இன்றைய குறிப்புச் செயலிகள் பலவற்றுக்கு இதுதான் அரிச்சுவடி. இங்கேயும் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்குத்தான் குறி உண்டு. அந்தத் தலைப்புக்கு உரிய பகுதி எங்கே முடிகிறது என்பதற்குக் குறி கிடையாது.

வேறு வழியில் யோசித்தவர்களும் இருந்தார்கள். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் செய்துகாட்டிய புகழ்பெற்ற செயல்விளக்கத்தை எல்லோரும் மவுஸுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அன்று அவர் ஒரு சாமான் பட்டியலைத் திரையில் போட்டு, அதை வகை பிரித்து, உட்பிரிவுகளை மறைத்தும் விரித்தும் காட்டினார். உரை என்பது கிளை கிளையாக அடங்கும் மரம் என்பதுதான் அவர் காட்டிய கணினி அமைப்பின் அடிப்படை. 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தமக்காக எழுதத் தொடங்கிய ஆர்க் மோடு இந்த வழியில் வந்தது. அதில் வரியின் முதலில் உடுக்குறி போட்டால் தலைப்பு. எத்தனை உடுக்குறி என்பதற்கு வரம்பு கிடையாது. டேப் விசையைத் தட்டினால் கிளை மடங்கும். ஒரு விசைச் சேர்க்கையில் கிளை முழுதும் மேலே போகும், கீழே வரும். இன்னொன்றில் உள்ளே இருக்கும் எல்லாத் தலைப்புகளும் ஒரு நிலை இறங்கும். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்திக்குள் இருப்பதால் பெரும்பாலானோர் அதன் பக்கம் போகவே பயப்படுகிறார்கள், அது வேறு கதை. ஆனால் அதன் தலைப்புகள் திரையில் பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாதவை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்து அளவு மாறாமலேயே தலைப்பின் வேலை முழுவதையும் அவை செய்கின்றன.

கடந்த சில ஆண்டுகளில் மற்ற செயலிகள் என்ன கொடுத்தன என்று பார்த்தாலும் அதே திசைதான் தெரிகிறது. வேர்டு 2013-லேயே தலைப்பை மடிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பேர் (Bear) என்ற குறிப்புச் செயலி 2023-ல் வந்த தன் இரண்டாம் பதிப்பில் கொடுத்தது. ஆப்பிள் நோட்ஸ் 2024-ல் கொடுத்தது. நோஷன் மடியும் தலைப்பு என்று தனி வகையையே சேர்த்தது. மடிப்பதற்கு முன், எதுவரை மடிப்பது என்று செயலிக்குத் தெரிந்தாக வேண்டும். அதாவது பகுதியின் எல்லையை அது கணக்கிட்டே ஆக வேண்டும். எல்லை தெரிந்துவிட்டால் அதே பகுதியை நகர்த்துவது, தனிக் குறிப்பாகப் பிரிப்பது, நகலெடுப்பது, லிங்க் தருவது எல்லாம் ஒரே அடித்தளத்தின் மேல் கட்டக்கூடியவை. பல செயலிகள் மடிப்பதோடு நிறுத்திக்கொண்டுவிட்டன. அப்சிடியன் இன்னும் சில அடி போனது: பக்கத்தில் உள்ள பொருளடக்கத்தில் தலைப்பைப் பிடித்து இழுத்தால் பகுதி முழுதும் நகரும், ஒரு குறிப்பின் ஒரு பகுதியை மட்டும் இன்னொரு குறிப்புக்குள் பதித்துக் காட்டலாம். ஆனால் அங்கேயும் தலைப்புக்கு நிரந்தர அடையாளம் இல்லை. லிங்க் தலைப்பின் சொற்களையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ‘சொத்துரிமை’ என்பதை வழக்கம்போல் கர்சரை வைத்து ‘சொத்துரிமை (300ஏ)’ என்று திருத்தினால், அதைச் சுட்டிய லிங்க்குகள் திக்கற்றுப்போகும். அதற்கென்று இருக்கும் பெயர்மாற்றக் கட்டளையைத் தேடிப் பயன்படுத்தினால்தான் அவையும் கூடவே மாறும். எழுத்துப் பிழையைத் திருத்த யாராவது கட்டளை தேடுவார்களா?

கண்ணால் பார்த்துப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் வசதிக் குறைவு, அவ்வளவுதான். திரை வாசிப்பான் வைத்துக் காதால் படிப்பவர்களுக்கு அப்படியில்லை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி இன்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருளில், ஒரு வலைப்பக்கத்தில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 1 முதல் 6 வரையிலான எண்ணைத் தட்டினால் அந்த நிலைத் தலைப்புக்குத் தாவலாம். வெப்எய்ம் அமைப்பு திரை வாசிப்பான் பயனர்களிடம் தொடர்ந்து நடத்திவரும் கருத்தாய்வுகளில், நீளமான பக்கத்தில் ஒரு தகவலைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, தலைப்புகளின் வழியே போவோம் என்பதே பெரும்பான்மைப் பதிலாக இருந்துவருகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதைச் சொல்கிறார்கள். நம் மாணவி போல்ட் ஆக்கிய 16(4), இவர்கள் காதுக்கு வெறும் பத்தி. எழுத்தைப் பெரிதாக்கியது, நிறம் கொடுத்தது எதுவும் தாவுவதற்கு உதவாது. தலைப்புக்கு நிறம் வேண்டும் என்ற கோரிக்கையையும் நான்காம் நிலை வேண்டும் என்ற கோரிக்கையையும் ஒரே தட்டில் வைத்து வாக்கு எண்ணுவது ஏன் சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்று நிலைக்கு மேல் போனால் கண் குழம்பும், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் அளவில் வித்தியாசமே தெரியாது என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். தலைப்பு வெறும் எழுத்தின் அளவு என்றால் மூன்றே அதிகம். கூகுள் கீப் 2023-ல் இரண்டோடு நிறுத்தியதும் அந்தக் கணக்கில் நியாயம்தான். வேர்டு ஒன்பது நிலை தருகிறது, மார்க்டவுன் ஆறு தருகிறது. இந்த எண்களில் எதற்கும் பெரிய தத்துவம் கிடையாது. ஆனால் அளவையும் ஆழத்தையும் ஒன்றாகக் கட்டியதால் வந்த சிக்கல் இது. நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் ஒரே எழுத்தளவைக் கொடுத்துவிட்டு, மடிப்பதிலும் பொருளடக்கத்திலும் மட்டும் வேறுபாட்டைக் காட்டினால் யாருக்கும் கண் குழம்பாது. ஆர்க் மோடு அதைத்தான் செய்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. குறிப்பு என்பது புத்தகமில்லை, பால்காரர் கணக்கும் தொலைபேசி எண்ணும் எழுதும் இடம், அதில் போய் அதிகாரமும் இயலும் எதற்கு என்பது. கட்டமைப்பைத் திணித்தால் எழுதும் வேகம் போய்விடும் என்ற பயமும் நியாயமானது. # குறியைத் தட்டியவுடன் வரி தலைப்பாக மாறிவிடுவது எரிச்சலூட்டும் என்பதற்குத் தனிச் சான்று வேண்டாம். மார்க்டவுனுக்குத் துல்லியமான விதி வகுத்த காமன்மார்க், # குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி இருந்தால்தான் அது தலைப்பு என்று கட்டாயமாக்கியதே, எண்ணைக் குறிக்கவும் ஹேஷ்டேக் போடவும் அந்தக் குறியைப் பயன்படுத்துபவர்களைக் காப்பாற்றத்தான். ஆனால் பகுதி என்ற கருத்தைச் செயலி உள்ளுக்குள் வைத்துக்கொள்வதால் பால்கணக்கு எழுதுபவருக்கு ஒரு விசைகூட அதிகமாகாது. தலைப்பே போடாதவருக்குப் பகுதியும் இல்லை. போட்டவருக்கு மட்டும், அவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒன்றைச் செயலி புரிந்துகொள்கிறது.

இதில் ஓர் உண்மையான இக்கட்டு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைப்பை மட்டும் வைத்து எல்லை கணக்கிட்டால், அடுத்த தலைப்பு வரும்வரை எல்லாமே முந்தைய தலைப்புக்குச் சொந்தம். சமத்துவ உரிமையின் கீழ் 14 முதல் 18 வரை ஐந்து துணைத்தலைப்பு எழுதிவிட்டு, கடைசியில் ஐந்துக்கும் பொதுவாக ஒரு பத்தி எழுதினால், அது 18-க்குள் போய் மாட்டிக்கொள்ளும்; 18-ஐ மடித்தால் அதுவும் மறையும். ஆர்க் மோடும் அப்சிடியனும் இதற்கு விலக்கில்லை. பத்தியைத் தலைப்புக்குள் நிஜமாகவே அடக்கிவைக்கும் நோஷனின் மடியும் தலைப்பில் இந்தச் சிக்கல் வராது. பதிலுக்கு, எது உள்ளே எது வெளியே என்று எழுதுபவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று எல்லோருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீளமாக எழுதித் தள்ளுபவருக்கு முதல் வழி, அடிக்கடி இடம் மாற்றி அடுக்குபவருக்கு இரண்டாம் வழி என்பது என் சாய்வு.

கோரிக்கை எழுதுபவர்கள் ஒரு சிறு கூட்டம், சத்தம் போடுபவருக்காகச் செயலியைக் கனமாக்கக் கூடாது என்பதும் அடிக்கடி கேட்பது. கூட்டம் சிறியதுதான். ஆனால் தலைப்பு விஷயத்தில், எழுதாதவர்களின் வாக்குமூலமும் அவர்கள் குறிப்புகளிலேயே இருக்கிறது: தனி வரியில் போல்ட் எழுத்து, வரிசையாகக் கோடுகள், 1.1, 1.1.1 என்று கையால் போட்ட எண்கள், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒட்டிய வண்ண எமோஜி. இவையெல்லாம் எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் ஏறாத கோரிக்கைகள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் எடுத்துக் கொடுக்கும், இனித் தலைப்பு எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட உரையை அந்தக் கருவிகளுக்கு ஊட்டுவதற்கு முன் துண்டு போடுகிறார்கள். மார்க்டவுன் உரையைத் தலைப்பு வாரியாகத் துண்டு போடுவது அங்கே பரவலான வழக்கம். தலைப்பு பொய்யாக இருந்தால் துண்டும் கோணலாக விழும்.

கடைசியாக, கோரிக்கைக் கட்டுகளில் எளிதில் கண்ணில் படாத ஒரு குறை. தலைப்புக்கு லிங்க் கொடுக்கும்போது பல மென்பொருள்கள் அதன் சொற்களிலிருந்து ஒரு முகவரியைத் தயாரிக்கின்றன. அதற்கு முன், எழுத்தும் எண்ணும் தவிர மற்றதையெல்லாம் களைந்துவிடுவது வழக்கம். எழுத்து என்றால் ஆங்கில எழுத்து மட்டும் என்று விதி இருந்தால், தமிழ்த் தலைப்பு முழுதும் மறைந்து முகவரி காலியாகிவிடும். ஒருங்குறி எழுத்துகளையெல்லாம் ஏற்கும் விதி இருந்தாலும் முழுதாகத் தப்பிக்க முடியாது. தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஒருங்குறி அட்டவணையில் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. அதனால் அவை மட்டும் களையப்படும். ஒரே குறிப்பில் ‘கல்’, ‘கால்’, ‘கலை’ என்று மூன்று தலைப்புகள் இருந்தால் மூன்றுக்கும் ‘கல’ என்பதே முகவரி. சில மென்பொருள்கள் மோதலைத் தவிர்க்க இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பின்னால் எண்ணைச் சேர்க்கின்றன. அந்த எண் குறிப்பில் தலைப்புகள் வரும் வரிசையைப் பொறுத்தது. ‘கலை’யைத் தூக்கி மேலே வைத்தால் எண்கள் இடம் மாறும், பழைய லிங்க்கைத் தட்டுபவர், பிழைச் செய்தி எதுவும் வராமல், வேறொரு பகுதியில் போய் இறங்குவார்.